அரிசியில் எழுதாத பெயர்

"தாயி, நான் கேட்டது குழந்தையின் பெயர். உங்கள் ஆட்நாவ் இல்லை" என்றார் ஜன்னலுக்கு உள்ளே இருந்த எழுத்தர்.

2024ஆம் ஆண்டு மழைக்காலம். மும்பையை ஒட்டிய ஒரு மாநகராட்சியின் பிறப்புப் பதிவு அலுவலகம். அவளுக்குப் பின்னால் ஈரக் குடைகளுடன் பத்துப் பன்னிரண்டு பேர். ஆட்நாவ் என்றால் மராத்தியில் குடும்பப் பெயர். படிவத்தில் குழந்தையின் பெயருக்கான கட்டத்தில் அவள் எழுதியிருந்தது 'சோஹோனி'. அது அவளுடைய குடும்பப் பெயர்தான். மூன்று மாதம் நிரம்பிய அவளுடைய மகளின் பெயரும் இனி அதுதான்.

"குழந்தையின் பெயரே அதுதான்" என்றாள்.

எழுத்தர் நல்ல மனிதர். உதவ விரும்பினார். "சோஹினி என்று போட்டுவிடட்டுமா? ராகத்தின் பெயர். பெண்ணுக்குப் பொருத்தமாக இருக்கும்."

"வேண்டாம். சோஹோனி."

"ஜோஷி என்று யாராவது பெண்ணுக்குப் பெயர் வைப்பார்களா? குல்கர்ணி என்று வைப்பார்களா?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவளுக்குக் கோபம் வரவில்லை. இதே கேள்வி மூன்று மாதமாக வீட்டில் இரண்டு மொழிகளில், இதைவிடக் கடுமையாகக் கேட்கப்பட்டாகிவிட்டது.

யோசனை பிறந்தது பிரசவ ஆஸ்பத்திரியில். கல்யாணத்துக்குப் பிறகும் அவள் தன் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. அதனால் ஆஸ்பத்திரிக் காகிதங்களில் அவள் சோஹோனி. வார்டு நர்சுகளுக்குக் குழந்தை 'சோஹோனி பேபி'. "சோஹோனி பேபிக்கு எடை பார்த்தாச்சா?", "சோஹோனி பேபி ஏன் அழுகிறது?" இரண்டு நாள் இதைக் கேட்டுக்கொண்டிருந்த அவளுடைய கணவன் - அவன் தமிழன் - மூன்றாம் நாள் தொட்டிலைக் குனிந்து பார்த்து, "பேபியை எடுத்துவிட்டால் நல்ல பெயராகத்தானே இருக்கிறது?" என்றான். வேடிக்கையாகத்தான் சொன்னான். அவள் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

காரணம் அவளுடைய அப்பா. தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டும் பெண்கள். அவருடைய ஒரே தம்பி திருமணம் செய்துகொள்ளவில்லை. மூத்த மகள் புகுந்த வீட்டுப் பெயரை ஏற்று வெளிநாடு போய்விட்டாள். ஜோஷி, குல்கர்ணி, தேஷ்பாண்டே என்று மகாராஷ்டிரத்தில் தெருவுக்குத் தெரு காணக் கிடைக்கும் பெயர் அல்ல சோஹோனி. கொங்கண் பகுதியிலிருந்து வந்த, அதிகம் காதில் விழாத பெயர். நான்கு வாடகை வீடுகள் மாறியபோதும் அவர் மறக்காமல் கழற்றி எடுத்துப் போன சாமான் ஒன்று உண்டு. வாசல் கதவில் மாட்டும் பித்தளைப் பெயர்ப் பலகை. அவருடைய அப்பா செய்துவைத்தது. 'சோஹோனி' என்று மட்டும் இருக்கும். கடைசியில் சொந்த ஃபிளாட் வாங்கியபோது எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி பிளாஸ்டிக் பலகை கொடுத்தார்கள். அவர் அதை ஒதுக்கிவிட்டுப் பித்தளையை மாட்டினார். "எனக்குப் பிறகு பழைய பாத்திரக்காரனுக்குப் போட்டுவிடுங்கள்" என்று சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்காது.

மராத்திப் பெண்ணின் பெயர் நிலையில்லாதது. மகாராஷ்டிரத்தில் முழுப் பெயர் என்றால் மூன்று பாகம். சொந்தப் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர். ஆணுக்கு மூன்றும் சாகும்வரை மாறாது. பெண்ணுக்குக் கல்யாணத்தன்று நடுவில் இருந்த அப்பா போய்க் கணவன் வருவான். கடைசியில் பிறந்த வீடு போய்ப் புகுந்த வீடு வரும். பல குடும்பங்களில் முதல் பெயரும் தப்பாது. ஒரு தட்டில் அரிசியைப் பரப்பி, மணப்பெண்ணுக்குப் புகுந்த வீட்டார் தேர்ந்தெடுத்த புதுப் பெயரை மாப்பிள்ளை அதில் விரலால் எழுதுவான். அன்றிலிருந்து அவள் வேறொருத்தி. இவளுடைய அம்மாவுக்கு - வீட்டில் எல்லோருக்கும் அவர் ஆயி - பிறந்த வீட்டில் ஒரு நதியின் பெயர். அரிசித் தட்டில் அது ஒரு தெய்வத்தின் பெயராயிற்று. நதிப் பெயர் சொல்லிக் கூப்பிட இப்போது ஒருவரும் இல்லை.

இவளுடைய திருமணம் பதிவுத் திருமணம். அரிசித் தட்டு இல்லை. மாற்றிக்கொள்ள நினைத்தாலும் மாற்றிக்கொள்ளப் பெயரும் இல்லை. கணவனுக்குக் குடும்பப் பெயரே கிடையாதே! தமிழர் வழக்கப்படி ஓர் இனிஷியல், ஒரு பெயர். அந்த இனிஷியலை விரித்து எழுதச் சொல்லும் ஒவ்வொரு படிவத்திலும் அவனுடைய அப்பா குடும்பப் பெயராகிவிடுவார். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு விசிட் விசாவில் அனுமதி இல்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது தமிழ்நாட்டில் எத்தனை பேர் திகைத்தார்கள்! அவனுடைய சித்தப்பா மகனும் அவர்களில் ஒருவன். எனவே குழந்தையின் குடும்பப் பெயர்க் கட்டத்தில் அவன் பெயர் வருவது என்று முடிவாகியிருந்தது. கடைசிக் கட்டம் அவனுக்குப் போய்விட்டது. முதல் கட்டம்தான் மிச்சம். தன் பெயரை அதில் ஏற்றினால் என்ன என்பது அவளுடைய கணக்கு.

முதல் எதிர்ப்பு அவள் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. மாமனார், விருதுநகர்ப் பக்கத்துக்காரர். மாட்டுங்கா ரயில்வே ஒர்க்ஷாப்பில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். மருமகளின் எந்த விஷயத்திலும் தலையிடாதவர். அன்று செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஏம்மா, எங்க தாத்தா பேருக்குப் பின்னாடி இருந்த சாதியை வேண்டாம்னு வெட்டி எறிஞ்சார். நீ அதை எடுத்துப் புள்ளைக்குப் பேராவே வைக்கிறியே?"

அவளால் பதில் சொல்ல முடியவில்லை. 1929இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களைக் கைவிடுவது என்று தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் மூன்று தலைமுறையாக ஒருவரின் பெயரைப் பார்த்துச் சாதியைச் சொல்வது கடினம். மகாராஷ்டிரத்தில் அப்படி இல்லை. புதிதாக ஒருவரைச் சந்தித்தால் பெயரைக் கேட்ட கையோடு ஆட்நாவ் என்ன என்று கேட்பார்கள். பதிலில் ஊர், தொழில், சாதி எல்லாம் அடங்கிவிடும். சோஹோனி என்றால் சித்பாவன் பிராமணர் என்று கேட்பவருக்குத் தெரியும். புனேயில் படிக்கும்போது அவளுக்கு அறை வாடகைக்குக் கிடைக்க ஒரு நாள்கூட அலைய வேண்டியிருக்கவில்லை. அவளுடன் படித்த வேறொரு பெண் ஆட்நாவைச் சொன்னதும் இரண்டு வீடுகளில் "நேற்றுதான் ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம்" என்றார்கள். அப்பாவின் பித்தளைப் பலகை தனக்காகக் கதவுகளைத் திறந்துவைத்திருந்தது என்பது மாமனார் கேட்ட அன்றுதான் அவளுக்கு உறைத்தது.

கணவன் வாதாடினான். "பெரியப்பா பேர் என்னப்பா?"

பெரியப்பாவின் பெயர் போஸ். வங்காளத்துக் காயஸ்தர்களின் குடும்பப் பெயர் அது. மதுரை, ராமநாதபுரம் பக்கம் வந்து இறங்கியபோது அதன் சாதி கழன்றுவிட்டது. சுபாஷ் சந்திர போஸ்மீது அந்த வீட்டுப் பெரியவருக்கு இருந்த பக்தி ஒன்றுதான் மிஞ்சியது. 'நஹர்' என்றால் கால்வாய். கால்வாய்க் கரையில் வீடு இருந்ததால் தங்கள் குடும்பத்துக்கு நேரு என்ற பெயர் ஒட்டிக்கொண்டது என்று ஜவஹர்லால் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். தமிழ்நாட்டில் நேரு என்று பெயர் வைத்த தகப்பன்களில் எத்தனை பேருக்குக் கால்வாய் தெரியும், காஷ்மீரப் பண்டிதர் தெரியும்? குடும்பப் பெயரைப் பின்னாலிருந்து எடுத்து முன்னால் வைத்தால் அது வம்சத்தைச் சொல்வதை நிறுத்திவிடுகிறது என்பது அவன் கட்சி.

"அது பெரிய மனுஷங்க பேரு" என்றார் மாமனார். ஆனால் குரல் தணிந்திருந்தது.

அப்போது ஊரிலிருந்து வந்திருந்த அவனுடைய அக்கா ஒன்று கேட்டாள். "போஸ், நேரு, திலகர், அம்பேத்கர் எல்லாம் ஆம்பளைப் புள்ளைக்குத்தானே வச்சாங்க? பொம்பளப் புள்ளைக்கு இந்திரா, சரோஜினின்னுதானே வச்சாங்க?"

யோசித்துப் பார்த்தால் உண்மைதான். சரோஜினியின் 'நாயுடு' கணவருடையது. பிறந்த வீட்டில் அவர் சட்டோபாத்யாய. பெண்ணின் குடும்பப் பெயர் இரவல் என்பது உலகத்துக்குத் தெரியும்போல. அதனால்தான் பெண்களை முதல் பெயரால் நினைவில் வைத்துக்கொள்கிறது. அப்படியில்லாமல் போனால் வேடிக்கை இன்னும் அதிகம். அன்னி பெசன்ட் தன் கணவர் ஃபிராங்க் பெசன்ட்டை விட்டு 1873இலேயே பிரிந்துவிட்டார். சென்னைக் கடற்கரையில் பெசன்ட் நகர் என்று இன்றும் வழங்குவது அவர் விட்டுவந்த கணவனின் பெயர்!

குடும்பப் பெயரைப் பெண்ணுக்கு முதல் பெயராக வைப்பது வெள்ளைக்காரர்களிடம் பழைய பழக்கம். தமிழ்நாட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்களில் சகஜமாகப் புழங்கும் ஷெர்லி என்ற பெயர் ஆதியில் இங்கிலாந்தில் ஓர் ஊர்ப் பெயர், பிறகு குடும்பப் பெயர். 1849இல் சார்லட் பிரான்டி தன் நாவலின் கதாநாயகிக்கு அதைச் சூட்டினார். ஆண் குழந்தையை எதிர்பார்த்துப் பெற்றோர் எடுத்துவைத்திருந்த பெயர், பிறந்தது பெண்ணானாலும் அவளுக்கே வைக்கப்பட்டது என்பது கதை. அதன் பிறகு ஷெர்லி பெண்களின் பெயராகவே ஆகிவிட்டது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் தாய்வழிக் குடும்பப் பெயரைக் குழந்தையின் முதல் பெயராக்கும் வழக்கம் உண்டு. ஆங்கிலத்தில் இப்படி ஒரு பெயர் இடம் மாறும்போது யாரும் சாதி கேட்பதில்லை. இங்கே கேட்பார்கள். மாமனாரின் கேள்வி அப்படியேதான் நின்றது.

அடுத்த அடி ஆயியிடமிருந்து விழுந்தது.

அப்பாவிடம் ஒரு பழைய ஃபைல் உண்டு. சோஹோனி என்ற பெயர் அச்சில் வந்த துண்டுகளையெல்லாம் ஒட்டி வைத்திருப்பார். உறவே இல்லாதவர்களானாலும் சரி. 1946இல் இங்கிலாந்துக்குப் போன இந்திய கிரிக்கெட் அணியில் இருந்த ரங்கா சோஹோனி அதில் இருக்கிறார். எல்லோருக்கும் முதலாக உயிர் வேதியியல் விஞ்ஞானி கமலா சோஹோனி. பெண் என்பதால் 1933இல் பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தில் சர் சி.வி. ராமன் சேர்த்துக்கொள்ள மறுத்தபோது, விடாமல் நின்று போராடி, நிபந்தனைகளோடு இடம் பிடித்தவர். 1939இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றவர். குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தவர். ஏழைக் குழந்தைகளுக்குப் பதநீர் எவ்வளவு சத்து தரும் என்று ஆராய்ந்தவர். 1998இல் காலமானார். மகள் பி.எஸ்ஸி. சேர்ந்தபோது அப்பா அந்தத் துண்டை எடுத்துக் காட்டி, "பார், நம் சோஹோனி" என்றார். பேத்திக்குப் பெயர் வைக்கும் பேச்சு வந்ததும் அதே துண்டு மறுபடி வெளியே வந்தது.

ஆயி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அவள் சோஹோனி இல்லை, பகவத்" என்றார்.

அறை அமைதியானது.

"துர்கா பகவத்தின் தங்கை அவள். ராமனோடு சண்டை போட்டது பகவத். கேம்பிரிட்ஜ் போனது பகவத். 1947இல் கல்யாணம் ஆனபிறகுதான் சோஹோனி. பட்டம் வாங்கியவள் ஒருத்தி, பெயர் வாங்கியது உங்கள் வீடு."

மராத்தி படிப்பவர்களுக்குத் துர்கா பகவத்தைத் தெரியாமல் இருக்காது. நெருக்கடி நிலையின்போது, 1975இல் கராடில் நடந்த மராத்தி இலக்கிய மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, அரசின் அடக்குமுறையைக் கண்டித்துப் பேசிய எழுத்தாளர். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைசிவரை பகவத்தாகவே இருந்தார். கூடப் பிறந்த இருவரில் ஒருவர் அந்தப் பெயரோடு இறந்தார், மற்றவர் இன்னொரு வீட்டுப் பெயரோடு.

ஆயி பட்டாணித் தோலை ஒதுக்கினார். "எனக்கும் ஓர் ஆட்நாவ் இருந்தது. அதற்கு யாரும் பித்தளையில் பலகை செய்யவில்லை."

மகளுக்குச் சுருக்கென்றது. ஆயியின் பிறந்த வீட்டுப் பெயர் அவளுக்குத் தெரியாதது அல்ல. மாமாவின் வாசலில் எழுதியிருக்கும். ஆனால் அதை மாமாவின் ஆட்நாவாகத்தான் அவளுக்குத் தெரியும். அது ஆயியின் பெயர் என்று முப்பத்து நான்கு வருஷத்தில் ஒரு நாளும் தோன்றியதில்லை. தாய்வழிப் பெயரைக் காப்பாற்றுகிறேன் என்று அவள் கையில் எடுத்ததும் ஓர் ஆணின் பெயர்தான். அப்பாவின் பெயர். தாத்தாவின் பெயர்.

அன்றிரவு அவள் அந்தப் பெயரைக் கைவிட்டுவிட்டாள். பட்டியல் போட்டு வேறு பெயர்கள் தேடினாள். அவகாசத்துக்குப் பஞ்சமில்லை. 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி பிறப்பைத்தான் 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பெயரைப் பிறகு சேர்க்கலாம். ஒரு வருஷத்துக்குள் கட்டணமில்லை, அதற்குமேல் தாமதக் கட்டணத்தோடு 15 வயதுவரை. உரிமைக்கும் குறைவில்லை. குழந்தையின் குடும்பப் பெயரை முடிவு செய்யும் உரிமை இயற்கைப் பாதுகாவலர் என்ற முறையில் தாய்க்கு உண்டு என்று, கணவனை இழந்து மறுமணம் செய்த ஒரு பெண்ணின் வழக்கில் 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2024 மே 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு அரசு ஆவணங்களில் குழந்தையின் பெயர், தாயின் பெயர், தந்தையின் பெயர், குடும்பப் பெயர் என்ற வரிசையை மகாராஷ்டிர அரசு கட்டாயமாக்கியிருக்கிறது. சட்டம் வழிவிட்டது. மனம்தான் வழிவிடவில்லை.

ஒரு வாரம் கழித்து, மறுபடி பேச்சை எடுத்தவர் ஆயியேதான். பேத்தியைக் குளிப்பாட்டிச் சாம்பிராணிப் புகை காட்டிக்கொண்டிருந்தார்.

"வை" என்றார். "எனக்கு அந்தப் பெயர்மேல் கோபம் இல்லை. நாற்பது வருஷமாக நானும் அதைத்தானே எழுதுகிறேன். கடைசியில் ஒட்டியிருக்கும்வரைதான் அது அவர்களுடைய பெயர். முதலில் வந்தால் இவளுடைய பெயர். ஒன்று மட்டும் பார்த்துக்கொள். இதை யாரும் அரிசியில் அழிக்கக் கூடாது."

இன்னொன்றும் கேட்டார். கூச்சத்தோடு கேட்டார். மராத்தி வீடுகளில் கூப்பிடும் பெயர் வேறு, தொட்டில் பெயர் வேறு என்று வைப்பதுண்டு. "தொட்டிலில் என் பெயரைச் சொல்லுங்கள். பழைய பெயரை."

பன்னிரண்டாம் நாள் நடந்திருக்க வேண்டிய 'பார்சே' என்னும் பெயர் சூட்டு விழா இப்படியாக மூன்றாம் மாதத்தில் நடந்தது. குழந்தையின் காதில் பெயரைச் சொல்லும் பாத்தியதை அப்பாவின் சகோதரிக்கு. மராத்தியில் ஆத்யா, தமிழில் அத்தை. விருதுநகரிலிருந்து வந்த அத்தை முதலில் நதியின் பெயரையும் பிறகு 'சோஹோனி'யையும் சொன்னாள். சொன்னவுடன் சுற்றியிருந்த பெண்கள் வழக்கப்படி அவள் முதுகில் செல்லமாகக் குத்தினார்கள். இது தெரியாத அத்தை பதறிப்போய்த் திரும்பினாள். எல்லோருக்கும் அவித்த கடலை கொடுத்தார்கள். சுருக்கிச் 'சோனி' என்று கூப்பிடலாம் என்று யாரோ சொல்ல, அத்தை ஒரே வார்த்தையில் தடுத்துவிட்டாள். "ஏற்கனவே ரெண்டரைக் கிலோதான் பொறந்துச்சு. எங்க ஊர்ல சோனின்னா நோஞ்சான்னு அர்த்தம்."

மாமனார் வெள்ளிக் கொலுசு வாங்கி வந்திருந்தார். பெயரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. குழந்தையைப் 'பாப்பா' என்றே கூப்பிட்டார். இன்றுவரை அப்படித்தான் கூப்பிடுகிறார். அவருடைய ஆட்சேபம் அப்படியே இருக்கிறது. அது நியாயமானது என்று மருமகளும் நினைக்கிறாள். மகள் பெரியவளாகி, இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்கும்போது, பித்தளைப் பலகையோடு புனேயில் வாடகை அறை கிடைத்த கதையையும் சேர்த்தே சொல்வது என்று முடிவு செய்திருக்கிறாள்.

அப்பாதான் விழா முடிந்து எல்லோரும் போனபிறகு நிதானமாக ஒன்று சொன்னார். "இதனால் பெயர் நிலைத்துவிடாது, தெரியுமா? முதல் பெயர் யாருக்கும் வாரிசாக இறங்காது. இவளோடு முடிந்துவிடும்."

"தெரியும் பாபா."

"பரவாயில்லை. இன்னும் ஓர் ஆயுசு கிடைத்தது."

மாநகராட்சி ஜன்னலில் எழுத்தர் படிவத்தை மறுபடி மேலிருந்து கீழாகப் படித்தார். "முதல் கட்டத்தில் ஆட்நாவ். கடைசிக் கட்டத்தில் அப்பா பெயர். எல்லாம் தலைகீழாக இருக்கிறது தாயி" என்றார். ஆனால் எழுதியிருந்தபடியே கம்ப்யூட்டரில் ஏற்றினார். ஒவ்வோர் எழுத்தாக அவளிடம் கேட்டு ஏற்றினார்.

அடுத்த வாரம் தடுப்பூசிக்குப் போனார்கள். ஆயி குழந்தையை மடியில் வைத்திருந்தார், அப்பா குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில். கூட்டம் அதிகம். நர்ஸ் உள்ளேயிருந்து சீட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"சோஹோனி!"

அப்பா சட்டென்று எழுந்து நின்றார். பள்ளிக்கூடத்திலும் தபாலாபீசிலும் பென்ஷன் வரிசையிலும் எழுபது வருஷமாக அந்தப் பெயரைக் கேட்டு எழுந்த பழக்கம். இரண்டடி வைத்த பிறகுதான் கூப்பிட்டது தன்னை இல்லை என்று தெரிந்தது. திரும்பிப் பார்த்துவிட்டு, ஆயிக்கும் குழந்தைக்கும் வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.